முதல் வாரத்தில் ஏன் இவ்வளவு குறைவாகப் பால்?

கேள்வி: நான் ஒரு கிராமத்தில் சுகாதாரப் பணியாளராக இருக்கிறேன். பதினொரு மாதக் குழந்தை ஒன்றுக்கு இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்ததால் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு நீர்த்த, இனிப்பான பாலை மட்டுமே கொடுத்தார்கள். இரும்புச்சத்து டானிக் கேட்டதற்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான்கே நாட்களில் எடை 6.2 கிலோவிலிருந்து 5.8 கிலோவாகக் குறைந்தது. "மெலிந்த பிள்ளையை மேலும் பட்டினி போடுகிறார்கள்" என்று பாட்டி சண்டையிட்டு, நேற்று வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். வீட்டிலேயே சத்தான உணவை நிறையக் கொடுத்துத் தேற்ற முடியாதா? அதே தெருவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றும் மிகவும் மெலிந்திருக்கிறது. தனக்குப் பால் போதவில்லை என்கிறார் தாய். எங்களிடம் இருக்கும், ஊட்டச்சத்துக் குறைபாட்டுச் சிகிச்சைக்கான நிலக்கடலைப் பசைப் பொட்டலங்களை அந்தக் குழந்தைக்குத் தரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரணங்களை விளக்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திராமல், வீட்டுக்கு வந்துவிட்ட அந்தப் பதினொரு மாதக் குழந்தையை மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். புறப்படும் வரையிலும் வழியிலும் செய்ய வேண்டியவை அதிகமில்லை. குழந்தை விழிப்புடன் இருந்து விழுங்கக் கூடியதாக இருந்தால், சுமார் 50 மி.லி. சுத்தமான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து, கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் அதை நிறுத்தவே வேண்டாம். தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, குழந்தையின் தலையையும் மூடி அழைத்துச் செல்லுங்கள். மயக்கத்திலோ வலிப்பிலோ இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள இத்தகைய குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்த முதல் இரண்டு நாட்களுக்குள் இறந்துபோவதற்கான முக்கியக் காரணங்களில் இரண்டு, இரத்தத்தில் சர்க்கரை குறைவதும் உடல் குளிர்ந்துபோவதும்தான். இரண்டையும் ஓரளவுக்கு வீட்டு வாசலிலேயே தடுக்க முடியும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மருத்துவமனையில் அளித்த சிகிச்சையில் பிழை ஏதும் எனக்குத் தெரியவில்லை. அதைக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. முதல் நாளே பாட்டியை உட்காரவைத்து, "வீக்கம் வடிய வடிய எடை குறையும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது. உங்கள் குழந்தை இழந்த 400 கிராமில் பெரும்பகுதி தசையோ கொழுப்போ அல்ல. திசுக்களில் தேங்கியிருந்த நீர். வீக்கமுள்ள குழந்தையின் எடை முதல் சில நாட்களில் குறைவது சிகிச்சை பலிக்கிறது என்பதற்கான அடையாளம். பாதத்தின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் முன்பு விழுந்த குழி இப்போது ஆழம் குறைந்து விழுகிறதா என்று பாட்டியையே பார்க்கச் சொல்லுங்கள். எண்களைவிட அந்தக் குழியை அவர் நம்புவார்.

இனி, ஏன் நிறையக் கொடுக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். உணவு போதாத நிலை வாரக்கணக்கில் நீடிக்கும்போது, உடல் உயிர் பிழைப்பதற்காகத் தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்கிறது. இதயம் மெலிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு குறைகிறது. சிறுநீரகத்தால் மிகுதியான உப்பையும் நீரையும் வெளியேற்ற முடிவதில்லை. கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பதும், புரதத்தைக் கையாள்வதும் தளர்ந்துவிடுகின்றன. குடலின் உட்சுவர் மெலிந்து செரிமான நொதிகள் குறைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்கும் இயக்கம் மந்தமாகிவிடுவதால், சோடியம் உள்ளே சேர்கிறது, பொட்டாசியம் கசிந்து சிறுநீரோடும் மலத்தோடும் போய்விடுகிறது. வெளியே பார்க்கும்போது நமக்குத் தெரிவது மெலிந்த, சோர்ந்த ஒரு குழந்தைதான். உள்ளே எந்த உறுப்பும் வழக்கமான அளவு உணவை ஏற்கும் நிலையில் இருப்பதில்லை.

இந்த நிலையில் திடீரென நிறைய மாவுச்சத்தும் புரதமும் உள்ளே போனால், இன்சுலின் சுரந்து, ஏற்கெனவே குறைந்திருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் வேகமாக இழுக்கப்படுகின்றன. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. உயிரணுக்களில் சேர்ந்திருந்த சோடியம் இரத்தத்துக்குத் திரும்புவதால் நீரும் கூடி, மெலிந்த இதயத்தால் தாங்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. 1945-இல் நாஜி வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், உணவு கிடைத்த பிறகு இறந்துபோனதை மருத்துவர்கள் திகைப்போடு பார்த்தார்கள். பெரியவர்களுக்கே அப்படி என்றால், ஆறு கிலோக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல நாடுகளின் மருத்துவமனைகளில் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இறந்துபோவது பல பத்தாண்டுகளாக மாறவில்லை என்பதை 1996-இல் வெளியான ஒரு மறுஆய்வு சுட்டிக்காட்டியது. பழைய, பொருத்தமற்ற சிகிச்சை முறைகள் தொடர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. முறையான படிநிலைகளைப் பின்பற்றிய இடங்களில் இந்த இறப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அங்கே கொடுத்த அந்த நீர்த்த, இனிப்பான பால் பெரும்பாலும் எஃப்-75 எனப்படும் தொடக்கநிலைச் சிகிச்சைப் பாலாகத்தான் இருக்கும். 100 மி.லி.யில் 75 கிலோகலோரி ஆற்றலும் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதமும் மட்டுமே அதில் உண்டு. சோடியமும் குறைவு, பொட்டாசியமும் மக்னீசியமும் துத்தநாகமும் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 130 மி.லி. என்பது வழக்கமான அளவு. வீக்கம் முகம் வரை பரவிய குழந்தைக்கு 100 மி.லி. தான். அதைப் பன்னிரண்டு வேளைகளாகப் பிரித்து, இரவிலும் விடாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். ஆறு கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 65 மி.லி. வரும். பார்ப்பவருக்கு அது ஒரு சிறு கிண்ணத்தின் அடிப்பகுதிதான். ஆனால், இருக்கும் திசுக்களைக் கரையாமல் காப்பதற்கும் சர்க்கரை அளவு இறங்காமல் வைத்திருப்பதற்கும் அது போதும். இந்தக் கட்டத்தில் எடையைக் கூட்டுவது நோக்கமே அல்ல. பாட்டியிடம் வேண்டுமானால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தணல் மட்டுமே மிஞ்சியிருக்கும் அடுப்பில் பெரிய விறகைத் திணித்தால் இருக்கும் தணலும் அவிந்துவிடும், சுள்ளிகளாகத்தான் வைக்க வேண்டும்.

இரும்புச்சத்து டானிக் பற்றி நீங்கள் கேட்டிருப்பது மிகவும் நல்ல கேள்வி, ஏனென்றால் அந்தக் குழந்தைகள் வெளிறிப்போய்த்தான் இருக்கிறார்கள். இரத்தசோகை கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் முதல் வாரத்தில் அவர்களுடைய உடல் புதிய இரத்த அணுக்களை வேகமாக உருவாக்கும் நிலையில் இல்லை. இரும்பைக் கட்டிவைத்துக் கொண்டுசெல்லும் புரதமும் இரத்தத்தில் குறைவு. அந்நேரத்தில் கொடுக்கும் இரும்பு பயன்படாமல் தனித்து நின்று, கிருமிகள் பெருக உதவுகிறது, திசுக்களையும் சிதைக்கிறது. பசி திரும்பி, எடை கூடத் தொடங்கிய பிறகு அதே இரும்பு கட்டாயம் தேவைப்படும், அப்போது கொடுப்பார்கள். நிலக்கடலைப் பசையில் அது ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால், பசை சாப்பிடும் குழந்தைக்குத் தனியாக டானிக் தர வேண்டியதில்லை.

வீக்கத்தைக் குறைக்க நீர்பிரிய வைக்கும் மருந்து கேட்கும் உறவினர்களையும், சோர்வைப் பார்த்து உடனே 'குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று நெருக்கும் உறவினர்களையும் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். நீர்பிரிய வைக்கும் மருந்து இந்த வீக்கத்துக்கு ஒருபோதும் தரக் கூடாதது. பொட்டாசியத்தை மேலும் இழக்கச் செய்து இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. நரம்பு வழி நீர் ஏற்றுவது, இரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைக்கு மட்டுமே, அதுவும் அருகிலேயே இருந்து கண்காணித்தபடி. பேதி இருக்கும்போதுகூட வாய்வழிக் கரைசலை மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். குழி விழுந்த கண்களும், கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பும் தோலும் மற்றக் குழந்தைகளிடம் நீர்வறட்சியைக் காட்டும். கொழுப்புக் கரைந்துபோன இந்தக் குழந்தைகளிடம் நீர்வறட்சி இல்லாதபோதும் அவை அப்படியேதான் இருக்கும். இந்த அடையாளங்களை நம்பி அவசரமாக நீர் கொடுத்து இதயம் செயலிழந்த குழந்தைகள் உண்டு.

நோய்த்தொற்று பற்றியும் ஒரு வார்த்தை. நன்கு வளர்ந்த குழந்தைக்குக் கிருமி தொற்றினால் காய்ச்சல் அடிக்கும். இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் வருவதற்கான ஆற்றல்கூட இருப்பதில்லை. நிமோனியாவும் இரத்தத்தில் கிருமி பரவுவதும் எந்தச் சலனமும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கும். அக்குளில் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் வெப்பநிலை, 39 டிகிரிக் காய்ச்சலைவிட எனக்கு அதிகக் கவலை தரும். அதனால்தான் தொற்றின் அடையாளம் தெரியாவிட்டாலும், சிக்கல்களோடு சேர்க்கப்படும் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளிலிருந்தே ஆன்டிபயாட்டிக் மருந்து தரப்படுகிறது. 'காய்ச்சலே இல்லையே, ஊசி எதற்கு' என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டிலிருந்து ஏழு நாட்களுக்குள் பசி திரும்பிவிடும். வீக்கமும் வடியத் தொடங்கும். அதன் பிறகுதான் நீங்கள் விரும்பும் கட்டம் வருகிறது. எஃப்-100 என்ற செறிவான பாலுக்கோ நிலக்கடலைப் பசைக்கோ இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக மாற்றுவார்கள். பிறகு குழந்தை கேட்கக் கேட்கச் சாப்பிடும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 கிராமுக்கு மேல் எடை கூடினால் நல்ல முன்னேற்றம், 5 கிராமுக்குக் கீழே இருந்தால் எங்கோ ஏதோ சரியில்லை என்று பொருள். மறைந்திருக்கும் காசநோய், எச்ஐவி, போதாத உணவு, பகிர்ந்துண்ணப்படும் பொட்டலம் என்று காரணத்தைத் தேட வேண்டும்.

வீட்டிலேயே தேற்ற முடியாதா என்ற உங்கள் கேள்விக்கு, முடியும் என்பதுதான் பதில். ஆனால் இந்தக் குழந்தையை, இந்த வாரத்தில் அல்ல. ஒரு காலத்தில் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளையும் வாரக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். 1990-களில் பிரான்ஸைச் சேர்ந்த ஆந்த்ரே பிரியாந்தும் மிஷேல் லெஸ்கானும் நிலக்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, உயிர்ச்சத்துகள், தாது உப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து இந்தப் பசையை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. அதில் நீர் இல்லை. ஆகவே கிருமிகள் எளிதில் பெருகாது, சமைக்க வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக உணவுத் திட்டமும் ஐ.நா.வின் ஊட்டச்சத்து நிலைக்குழுவும் சேர்ந்து, சிக்கல் இல்லாத குழந்தைகளை அவரவர் ஊரிலேயே வைத்துச் சிகிச்சை செய்யலாம் என்று அறிவித்தன. ஆறு மாதம் நிறைந்த குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே இருந்து, ஆனால் விழிப்போடு இருந்து, உங்கள் முன்னாலேயே பசையைத் தானாக ஆவலோடு சாப்பிட்டு, காய்ச்சல், மூச்சிரைப்பு, தொடர்வாந்தி, பேதியால் நீர்வறட்சி, பரவலான வீக்கம் போன்ற எதுவும் இல்லாமல் இருந்தால், அந்தக் குழந்தைக்கு வீடே நல்ல இடம். மருத்துவமனைக் கூட்டத்தில் அதற்குப் புதிய தொற்று ஒட்டிக்கொள்ளாமலும் இருக்கும். பசையைத் திரும்பத் திரும்ப ஒதுக்கும் குழந்தையை மட்டும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். பசியின்மை அந்தக் குழந்தை உள்ளே நலமாக இல்லை என்பதைக் காட்டுகிறது.

உங்கள் பதினொரு மாதக் குழந்தை வீடு திரும்பும்போது, ஆறு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டு பொட்டலங்கள் தேவைப்படும். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோகலோரி இருக்கிறது. முதலில் தாய்ப்பால், பிறகு பசை, கூடவே குடிக்கச் சுத்தமான நீர் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். பொட்டலத்தை அண்ணன், அக்காவோடு பங்கிட்டுக் கொடுப்பது ஏழைக் குடும்பங்களில் இயல்பாக நடப்பதுதான். பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயாலும் முடியாது. அதைக் குற்றமாகச் சொல்லாமல், இது இந்தக் குழந்தைக்கு எழுதிக்கொடுத்த மருந்து என்று சொல்லுங்கள்; மற்றப் பிள்ளைகளின் கையையும் அதே நாளில் அளந்துபாருங்கள். கைச்சுற்றளவு 125 மி.மீ.யை எட்டி, அல்லது உயரத்துக்கேற்ற எடை உரிய அளவுக்கு வந்து, வீக்கம் இல்லாமல் இரண்டு வாரங்கள் கடக்கும் வரை சிகிச்சையை நிறுத்தக் கூடாது. வீக்கம் இருக்கும்வரை கைச்சுற்றளவும் எடையும் உண்மையைக் காட்டா என்பதால், ஒவ்வொரு முறையும் பாதத்தை அழுத்திப் பார்த்த பிறகே நாடாவை எடுங்கள்.

மூன்று மாதக் குழந்தைக்கு அந்தப் பசையைத் தரவே கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திட, கூழ் உணவு எதுவும் ஏற்றதல்ல. அதன் சிறுநீரகத்தால் அந்தச் செறிவைத் தாங்க முடியாது. செறிவான எஃப்-100 பாலும் அப்படியே அந்த வயதுக்கு ஏற்றதல்ல. இந்த வயதில் சிகிச்சை என்பது, முடிந்த இடத்தில் எல்லாம் தாய்ப்பாலை மீட்டெடுப்பதுதான். 'பால் போதவில்லை' என்று தாய் சொல்லும்போது, பெரும்பாலும் நடந்திருப்பது இது: குழந்தை பலவீனத்தால் சரியாக உறிஞ்சவில்லை, உறிஞ்சாததால் சுரப்பு குறைகிறது, அழுகிற குழந்தைக்கு யாரோ புட்டிப்பாலை, அதுவும் செலவைக் குறைக்க நீர் கலந்து கொடுக்கிறார்கள், புட்டியின் ரப்பருக்குப் பழகிய குழந்தை மார்பை மேலும் ஒதுக்குகிறது, சுரப்பு மேலும் குறைகிறது. சுரப்பைத் தூண்டுவது குழந்தையின் உறிஞ்சல்தான். தாய்க்குக் கொடுக்கும் எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது.

ஒரு முழு வேளை பால் கொடுப்பதை அருகிலிருந்து பாருங்கள். குழந்தையின் வாய் அகலத் திறந்து காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதா, விழுங்கும் ஒலி கேட்கிறதா, சற்று நேரத்தில் களைத்து விட்டுவிடுகிறதா என்று கவனியுங்கள். அண்ணத்தில் பிளவு, வாயில் வெண்படலம், பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்குவது ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தை சோம்பியிருந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, பாதத்தில் வீக்கம் இருந்தாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ அன்றே அனுப்புங்கள். மருத்துவமனையில் துணை உறிஞ்சல் என்ற ஒரு முறையைப் பயன்படுத்துவார்கள். மெல்லிய குழாயின் ஒரு முனையைக் கிண்ணத்திலுள்ள பாலிலும் மறு முனையைத் தாயின் காம்போடு சேர்த்தும் வைப்பார்கள். குழந்தை மார்பை உறிஞ்சும்போது கிண்ணத்துப் பாலும் வாய்க்கு வரும். முதலில் கிண்ணம் காம்புக்கு ஐந்து முதல் பத்து செ.மீ. கீழே இருக்கும். குழந்தைக்குப் பலம் வரவர முப்பது செ.மீ. வரை தாழ்த்துவார்கள், தாய்ப்பால் கூடக்கூடக் கிண்ணத்துப் பாலைக் குறைப்பார்கள். தாய்ப்பாலில் மட்டுமே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து எடை கூடினால் வீட்டுக்கு அனுப்பலாம். இது பொறுமை கேட்கும் வேலை; முதல் இரண்டு நாட்களில் தாய் அழுதுவிடுவார், பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

அந்தத் தாயையும் ஒரு நோயாளியாகவே பாருங்கள். அவர் இன்று என்ன சாப்பிட்டார், இரவில் தூங்குகிறாரா, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு குழந்தையின் எடையில்தான் முதலில் வெளிப்படும் வீடுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையையும் தாயையும் இணையாகவே மதிப்பிட்டுச் சிகிச்சை தரச் சொல்கிறது.

விளையாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எடை கூடினாலும், நீண்ட நாள் பசியில் இருந்த குழந்தையின் மூளை வளர்ச்சி தானாகத் திரும்பிவிடுவதில்லை. ஜமைக்காவில் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் உடன் ஆய்வாளர்களும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்கு விளையாட்டு முறைகளைக் கற்றுக்கொடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உணவோடு விளையாட்டும் பேச்சும் கிடைத்த குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் முன்னே நின்றார்கள். செலவில்லாத சிகிச்சை இது. குழந்தை முதல் முறை சிரித்த நாளை எடை அட்டையில் குறித்துவைக்கும் செவிலியர்கள் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு. அது சரியான பழக்கம் என்றே நினைக்கிறேன்.

மறுபடியும் சேர்க்கச் சம்மதிக்க வைப்பதுதான் உங்களுக்கு முன்னால் உள்ள கடினமான வேலை. பாட்டியின் கோபத்துக்குப் பின்னால் வேறு கணக்குகளும் இருக்கலாம்: தாய் மருத்துவமனையில் இருந்தால் கூலி போகும், மற்றப் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆளிருக்காது. மருத்துவக் காரணங்களைச் சொல்வதற்கு முன் அந்தக் கணக்கைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தாரில் யார் எந்த நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முடிவு செய்துகொடுங்கள். எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்று கேட்டால், பசி திரும்பி வீக்கம் வடியத் தொடங்கும் வரை, பெரும்பாலும் ஒரு வாரம் என்று நேரடியாகச் சொல்லுங்கள். அதன் பிறகு பசையோடு வீட்டுக்கு வந்து, வாரம் ஒருமுறை உங்களிடம் அளவு பார்த்தால் போதும்.

அனுப்பும் சீட்டில் வீக்கம் எதுவரை இருக்கிறது, பேதி அல்லது வாந்தி உண்டா, கடைசியாக எப்போது என்ன குடித்தது, சிறுநீர் கழித்ததா என்பவற்றை எழுதுங்கள். முதல்முறை சேர்த்தபோது ஊசி மருந்து எந்த நாள் வரை போடப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். நேற்றிலிருந்து வீட்டில் என்ன ஊட்டினார்கள் என்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். பாட்டி பாசத்தில் நிறையவே ஊட்டியிருக்கலாம், டானிக்கும் கொடுத்திருக்கலாம். அதைப் பார்த்த பிறகே மருத்துவர் முதல் வேளைப் பாலின் அளவையும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சையும் நாடியையும் எண்ண வேண்டும் என்பதையும் முடிவு செய்வார்.